இடுப்பு, கால் எலும்பு முறிவு ஆபரேஷன்: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவு வார்டில் 17 வருடம் நர்ஸாக இருந்தேன். ராத்திரி ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர்கள் போனபிறகு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக என் மேஜைக்கு வருவார்கள். "சிஸ்டர், ஒரு சின்ன டவுட்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆள் மாறுவார், ஊர் மாறும், டவுட் மட்டும் மாறாது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

பைக், லாரி விபத்து, கட்டடத்திலிருந்து விழுவது போன்ற பெரிய அடிகளைப் பற்றியது இது. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு உடைவது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை. அந்தக் கதை வேறு. இன்னொன்று, நான் டாக்டர் இல்லை. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் சொல்வதும் நான் எழுதியிருப்பதும் மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. முதுகெலும்பா சிஸ்டர்?

இல்லை. இடுப்பில் கை வைத்தால் இரண்டு பக்கமும் தட்டுப்படுகிறதே, அங்கிருந்து நாம் உட்காரும் எலும்பு வரை ஒரு வளையம். பின்னால் முதுகுத்தண்டின் அடியில் ஒரு முக்கோண எலும்பு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அகலமான எலும்புகள், அவை முன்னால் வந்து சேரும் ஒரு மூட்டு. இந்த வளையத்துக்குள்தான் மூத்திரப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கர்ப்பப்பை எல்லாம் இருக்கின்றன.

கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் மட்டும் உடைந்து பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு துண்டாகத்தான் போகும். இடுப்பு வளையமும் அப்படித்தான். அதனால்தான் முன்பக்கம் விரிசல் தெரிந்தாலும் பின்பக்கம் எங்கே விட்டிருக்கிறது என்று தேடி சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். நகராத சின்ன விரிசலுக்கு ஓய்வு போதும், ஆபரேஷன் வேண்டாம். வளையம் திறந்துகொண்டாலோ, பின்பக்கம் ஆடினாலோதான் பிளேட், ஸ்க்ரூ தேவைப்படும்.

2. வெளிய ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எதுக்கு இத்தனை பாட்டில் ரத்தம் கேக்குறாங்க?

ரத்தம் போயிருக்கிறது, உள்ளேயே. பெரியவர் உடம்பில் மொத்தம் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். ஒரு தொடை எலும்பு முறிந்தால் தொடைச் சதைக்குள் மட்டும் 1 முதல் 1.5 லிட்டர் வரை கசியலாம். வெளியே வீக்கம்தான் தெரியும். இடுப்பு வளையம் திறந்துகொண்டால் இன்னும் மோசம். பின்பக்கம் வலை மாதிரி ஓடும் ரத்தநாளங்களும் உடைந்த எலும்பின் முனைகளும் கசிய, வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் இடம் அதை வாங்கிக்கொண்டே இருக்கும். அடைத்துக்கொள்ள அங்கே சுவர் ஏதும் இல்லை.

அதனால்தான் வந்தவுடன் இடுப்பைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்குகிறார்கள். வளையம் மூடினால் கசிவு குறையும். பெல்ட் இல்லாத இடத்தில் மடித்த பெட்ஷீட்டே போதும். ஆனால் கட்டும் இடம் முக்கியம். வேட்டி கட்டும் இடத்தில் இல்லை, அதற்கும் கீழே, தொடையின் மேல்பக்கவாட்டில் துருத்தும் எலும்பு மட்டத்தில். ரொம்ப மேலே கட்டிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று சொல்லவேண்டும்: இடுப்பு ஆடுகிறதா என்று யாரும் கையால் அழுத்தி, ஆட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே உறைந்து நின்ற ரத்தம் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

3. கால்ல கம்பி குத்தி வெயிட்டு கட்டித் தொங்க விட்டிருக்காங்க. இதுதான் ஆபரேஷனா?

இல்லை, இது காத்திருக்கும் வரைக்கான ஏற்பாடு. தொடைச் சதை ரொம்ப வலுவானது. எலும்பு முறிந்ததும் அது இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து ஏற்றிவிடும். வெயிட் அதைத் திரும்ப இழுத்து நீளத்தில் வைக்கிறது. வலியும் குறையும், உள்கசிவும் குறையும். பார்க்க வருகிறவர்கள் பாவப்பட்டு வெயிட்டைத் தூக்கி ஸ்டூலில் வைப்பது எங்கள் வார்டின் தீராத தலைவலி. வைக்காதீர்கள்.

பக்கத்துக் கட்டிலில் காலைச் சுற்றி நீளமான இரும்புச் சட்டம் பார்த்திருப்பீர்கள். அது தாமஸ் ஸ்ப்ளின்ட். ஹியூ ஓவன் தாமஸ் என்ற லிவர்பூல் டாக்டர் 19-ம் நூற்றாண்டில் செய்தது. முதல் உலகப் போரில் தொடையில் குண்டடி பட்டு எலும்பு முறிந்தவர்கள், தொடக்கத்தில் 100 பேரில் 80 பேர் வரை இறந்தார்கள். அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் இந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோனபிறகு அது 20-க்கும் கீழே இறங்கியது. காலை அசையாமல் பிடித்ததுதான் வித்தியாசம். இந்தத் தாமஸ், பரம்பரையாக எலும்புக்குக் கட்டுப் போடும் வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தில் வந்தவர். 9-வது கேள்விக்கு வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. அடிபட்டு அஞ்சு நாள் ஆச்சு. இன்னும் ஏன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போகல?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கோபத்தோடு கேட்கப்பட்டதும் இதுதான்.

பெரிய அடிபட்ட உடம்பு முதல் சில நாள் தனக்குள்ளேயே ஒரு தீயணைப்பு வேலையில் இருக்கும். ரத்தம் குறைந்து, உடம்பு சில்லிட்டு, ரத்தம் உறையும் தன்மையே கெட்டுப் போயிருக்கும். நெஞ்சிலும் அடி இருந்தால் நுரையீரல் தடுமாறும். அந்த நிலையில் நான்கு மணி நேர ஆபரேஷன் செய்தால் அதுவே இரண்டாவது விபத்து. அதனால் முதலில் உயிருக்கு வேண்டியதை மட்டும் செய்துவிட்டு, உடம்பு தேறியபிறகு எலும்பைச் சரியாகப் பொருத்துகிறார்கள். மாறாக, தொடை எலும்பு மட்டும் முறிந்து மற்றபடி நன்றாக இருப்பவருக்கு 24 மணி நேரத்துக்குள் எலும்பின் உள்ளே ராடு போடுவதே நல்லது. எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது.

இரண்டாவது காரணம் தோல். முழங்கால் மூட்டை ஒட்டியும் கணுக்காலை ஒட்டியும் முறிந்தால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தண்ணீர்க் கொப்புளம் வரும். அந்தத் தோலை வெட்டினால் தையல் சேராது, பிளேட் வெளியே தெரியும், சீழ் வைக்கும். வீக்கம் வற்றி, தோலில் பழையபடி சுருக்கம் விழும்வரை காத்திருப்பார்கள். அதற்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

சரி, எல்லாக் காத்திருப்பும் உடம்புக்காகத்தானா? அப்படிச் சொன்னால் பொய். தியேட்டர் நெருக்கடி, ரத்தம் கிடைக்காதது, சரியான சைஸ் பிளேட் வந்து சேராதது, காப்பீட்டு அனுமதி, இவையும் உண்டு. அதனால் "ஏன் லேட்?" என்று சண்டை போடுவதைவிட, "இது உடம்புக்காகக் காத்திருப்பதா, பட்டியலுக்காகக் காத்திருப்பதா?" என்று நேராகக் கேளுங்கள். இடுப்பு வளையம், கிண்ணம் (தொடை எலும்பின் பந்து உட்காரும் குழி) ஆகியவற்றின் முறிவுகளில் கூடுதலாக ஒன்று: மூன்று வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே பிடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். பிறகு பொருத்துவது மிகக் கஷ்டம்.

5. அப்போ எதுக்குமே அவசரம் இல்லியா?

சிலவற்றுக்கு நிமிஷக் கணக்கு. இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவியிருந்தால் 6 மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும். தாமதமானால் பந்துக்கு ரத்த ஓட்டம் போய் அது செத்துப்போகலாம். காரில் முன்சீட்டில் இருந்து முழங்கால் டேஷ்போர்டில் மோதியவர்களுக்கு இது வரும். காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தாலும் அதே அவசரம்.

இன்னொன்றை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே தசைகள் உறை போட்ட அறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறினால் உறை விரியாது, அழுத்தம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அடையாளம்: வலி ஊசி போட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, கால் விரலை லேசாக நிமிர்த்தினாலே அலறுவது, கெண்டைக்கால் கல்லாக இருப்பது. பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது, கடைசி வரை துடிக்கும். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள். உறையைக் கீறி விட்டால் கால் பிழைக்கும். சில மணி நேரம் விட்டால் தசை போய்விடும்.

6. முதல்ல வெளிய கம்பி மாட்டினாங்க. இப்ப உள்ள பிளேட்டுன்றாங்க. முதல்ல பண்ணது தப்பாப் போச்சா?

தப்பில்லை, திட்டமே அதுதான். தோலுக்கு வெளியே நிற்கும் அந்தக் கம்பிச் சட்டத்தை அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம், ரத்தச் சேதம் மிகக் குறைவு. 4-வது பதிலில் சொன்ன "உயிருக்கு வேண்டியது மட்டும்" என்பது இதுதான். புண் ஆறி, வீக்கம் வற்றியதும் அதை எடுத்துவிட்டு உள்ளே நிரந்தரமானதை வைப்பார்கள். கம்பி தோலுக்குள் போகும் இடங்களைச் சுத்தமாக வைத்திருப்பது உங்கள் வேலை. மஞ்சள் பூசுவது சுத்தமில்லை.

7. ராடு நல்லதா, பிளேட் நல்லதா?

எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடை, கீழ்க்கால் எலும்புகளின் நடுப்பகுதி குழாய் மாதிரி. அங்கே ராடுதான் ராஜா. எலும்பின் உள்குழாய்க்குள்ளேயே செலுத்தி, மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பூட்டிவிடுவார்கள். முறிந்த இடத்தைத் திறக்கவே வேண்டியதில்லை, எக்ஸ்ரே டிவி பார்த்துக்கொண்டே மேலிருந்து இறக்குவார்கள். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1939-ல் கெர்ஹார்ட் குன்ட்ஷர் இதைத் தொடங்கினார். மாதக்கணக்கில் படுக்கையில் தொங்கிக்கொண்டிருந்த ஆட்களை எழுப்பி நடக்கவைத்தது இந்த யோசனைதான்.

மூட்டு வரை முறிவு போயிருந்தால் ராடு பிடிக்காது. மூட்டுப் பரப்பைச் சொம்பு ஒட்டுவது மாதிரி துண்டு துண்டாகப் பொருத்தி பிளேட் வைக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் படி நின்றாலும் பிற்காலத்தில் மூட்டு தேயும். இடுப்பு வளையத்துக்கு முன்னால் பிளேட், பின்னால் நீளமான ஸ்க்ரூ.

8. டைட்டானியம் போட்டா சீக்கிரம் சேருமாமே? ஃபாரின் சாமான் வாங்கித் தரோம்.

எந்த உலோகமும் எலும்பைச் சேர்க்காது. அது பிடித்துக்கொண்டு நிற்கும், சேர்ப்பது உடம்பு. ஸ்டீல் விறைப்பு அதிகம், டைட்டானியம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எம்ஆர்ஐ படத்தில் நிழல் குறைவாக விழும். சில ராடு, பிளேட் வகைகளுக்கு டைட்டானியம் பொருத்தம், சிலவற்றுக்கு ஸ்டீலே போதும். சரியான சைஸ், சரியான இடம், போடுகிறவரின் கை, இந்த மூன்றும் உலோகத்தின் பெயரைவிட முக்கியம். நகையை அடகு வைத்து ஃபாரின் பிளேட் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் பிறகு ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் பிசியோதெரபிக்கும் இல்லாமல் போனது.

9. புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு மாமா சொல்றார். போகலாமா?

இந்தக் கேள்விக்கு நான் சிரித்ததில்லை. நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டுக் கை கால் சேர்ந்திருக்கிறது. நகராத முறிவை அசையாமல் வைத்தால் எலும்பு தானாகச் சேரும். மாவுக்கட்டு செய்வதும் அதையேதான். தாமஸின் சட்டமும் அந்த அறிவிலிருந்து வந்ததுதான்.

ஆனால் இங்கே பேசுவது வேறு வகை முறிவு. இடுப்பு வளையத்துக்கு வெளியிலிருந்து எந்த மூங்கில் பட்டையும் பிடிமானம் கொடுக்காது. மூட்டுக்குள் இறங்கிய துண்டை எண்ணெய் தடவி ஏற்ற முடியாது. எலும்பு வெளியே வந்த புண்ணை மூடிக் கட்டினால் சீழ் உள்ளேயே தங்கும். வீங்கிவரும் காலில் எந்தக் கட்டை இறுக்கிப் போட்டாலும், யார் போட்டாலும், 5-வது பதிலில் சொன்ன தசை அழுத்தம் வரும். கட்டுப் போட்டு நான்காம் நாள் விரல்கள் கறுத்துப்போய் வந்த பையன்களைப் பார்த்தபிறகு இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் பழகிவிட்டேன்.

10. எலும்பு வெளிய தெரிஞ்சுது. புண்ணைத் தைக்காம அப்படியே விட்டிருக்காங்களே?

வேண்டுமென்றே விட்டது. ரோட்டு மண், துணி நூல், டயர் கறுப்பு எல்லாம் எலும்புக்குள் போயிருக்கும். முதல் வேலை ஆன்டிபயாடிக் ஊசி, முடிந்தால் வந்த ஒரு மணி நேரத்துக்குள். கூடவே டெட்டனஸ் ஊசி. பிறகு தியேட்டரில் லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி, செத்த தோலையும் தசையையும் வெட்டி எடுப்பார்கள். எது பிழைக்கும், எது சாகும் என்று முதல் நாளே தெரியாது. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்துச் சுத்தம் செய்வார்கள். மூடித் தைத்துவிட்டால் அதைப் பார்க்க முடியாமல் போகும்.

எலும்பை மூடத் தோல் மிச்சம் இல்லையென்றால் வேறு இடத்திலிருந்து சதையோடு எடுத்து மூட பிளாஸ்டிக் சர்ஜன் வருவார். "பிளாஸ்டிக் வைக்கப் போறாங்களா?" என்று ஒரு அம்மா பயந்து கேட்டார். இல்லை அம்மா, உங்கள் மகனின் சதையைத்தான் வைக்கப் போகிறார்கள். வீட்டுக்குப் போனபிறகு சீழ் வந்தால் புண் "பழுத்துவிட்டது" என்று வீட்டில் ஏதாவது பூசாமல் வார்டுக்கே வாருங்கள்.

11. காலை எடுக்கணும்னு கையெழுத்து கேக்குறாங்க. காப்பாத்தவே முடியாதா?

கனமான கேள்வி. எந்த டாக்டரும் ஒற்றை ஆளாக இதை முடிவு செய்யக் கூடாது, பெரும்பாலும் செய்வதும் இல்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் இதற்கென்றே ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் அடியின் அளவுக்கேற்பத் தலா 1 முதல் 5 மார்க். வயது, சர்க்கரை நோய், வந்து சேர்ந்த நேரம் போன்றவற்றுக்குக் கூடுதலாக 2, 2. மொத்தம் 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ம் மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் 15, 16 வந்தால் அனுபவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் மார்க் எவ்வளவு என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. காப்பாற்றுவது என்றால் எத்தனை ஆபரேஷன், எத்தனை மாதம், கடைசியில் அந்தக் கால் உணர்ச்சியோடு இருக்குமா என்றும் கேளுங்கள். பத்து ஆபரேஷன் முடிந்து, இரண்டு வருஷம் வேலை போய், பிறகும் காலை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்து, செயற்கைக் காலோடு ஐந்தாம் மாதம் ஆட்டோ ஓட்டியவரும் இருக்கிறார்.

12. அடிவயித்துல ட்யூப் போட்டு யூரின் எடுக்குறாங்க. எலும்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வளையத்தின் முன்பக்கம் உடையும்போது அதை ஒட்டி ஓடும் மூத்திரக்குழாய் கிழியலாம், ஆண்களுக்கு அதிகம். நுனியில் ரத்தம் கசிந்தால் கீழிருந்து ட்யூப் தள்ளக் கூடாது, பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகிவிடும். அதனால் மேலே, வயிறு வழியாக நேரே மூத்திரப்பைக்கு வழி செய்கிறார்கள். குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் பெரும்பாலும் சில மாதம் கழித்துத்தான்.

13. முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிக்குமாமே?

வலிக்காது. ஆபரேஷனுக்காகக் கீழ்ப்பகுதியை மரத்துப்போக வைக்கும் ஊசி அது. சில நாள் குத்தின இடம் வலிக்கும், சிலருக்குத் தலைவலி வரும். பிறகு வரும் முதுகுவலி பெரும்பாலும் படுத்தே கிடந்ததாலும் கோணலாக நடப்பதாலும். இடுப்பு ஆபரேஷன் நீளமானது, அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான்.

14. ரெண்டாம் நாள் திடீர்னு மூச்சு வாங்குது, சம்பந்தமில்லாமப் பேசுறார். பயத்துலயா?

பயம் என்று விடாதீர்கள். பெரிய எலும்பு முறியும்போது மஜ்ஜையிலிருந்து கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். முதல் மூன்று நாளுக்குள் வரும். மூச்சிரைப்பு, குழப்பம், மார்பிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். உடனே ஆக்சிஜன் வேண்டும், சிலருக்கு ஐசியூ.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து மூச்சு வாங்கினால் வேறு சந்தேகம்: காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். வயிற்றில் தினமும் ஒரு சின்ன ஊசி போடுகிறோமே, அது இதைத் தடுக்கத்தான். "எலும்புக்கு வயித்துல ஏன் ஊசி?" என்று வேண்டாம் என்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

15. எப்ப நடக்கலாம்?

நடப்பதும் பாரம் ஊன்றுவதும் ஒன்றல்ல. ஆபரேஷன் ஆன மறுநாளே உட்காரவைத்து, வாக்கரில் நிறுத்தி, அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வோம். நுரையீரலுக்கும் படுக்கைப்புண்ணுக்கும் அதுதான் மருந்து. பாரம் ஊன்றுவது முறிவைப் பொறுத்தது. தொடை நடுவில் ராடு போட்டவர்கள் பலருக்குச் சில நாளிலேயே ஊன்ற அனுமதி கிடைக்கும். முழங்கால் மூட்டுக்குள் முறிவு என்றால் 8 முதல் 12 வாரம் ஊன்றக் கூடாது. இடுப்பு வளையம், கிண்ணம் இரண்டுக்கும் 6 முதல் 12 வாரம்.

"கொஞ்சமா ஊணலாம்" என்று டாக்டர் சொன்னால் எவ்வளவு என்று கேளுங்கள். 20 கிலோ என்றால், பிசியோதெரபி அறையில் எடை மெஷின் மேல் அந்தக் காலை வைத்து 20 காட்டும்வரை அழுத்திப் பழகுங்கள். கால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வலி இல்லை என்பதற்காக ஊன்றாதீர்கள். உள்ளே இரும்பு தாங்குகிறது, அதனால் வலிக்கவில்லை. எலும்பு இன்னும் சேரவில்லை.

16. வீட்டுல இந்தியன் டாய்லெட்தான். என்ன பண்றது?

நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர் ஒன்று வாங்கி டாய்லெட் மேல் வையுங்கள், அவ்வளவுதான். கிண்ண முறிவுக்காரர்கள் டாக்டர் சொல்லும்வரை குத்துக்காலிட்டோ சம்மணம் போட்டோ தரையில் உட்காரக் கூடாது. கட்டிலும் முழங்கால் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். ஒரு தாத்தா சாமி கும்பிடத் தரையில் உட்காராமல் எப்படி என்று மூன்று மாதம் என்னோடு வாதாடினார். நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டார்.

17. ஆட்டுக்கால் சூப் தினமும் குடுக்கணுமா? முட்டை குடுத்தா புண்ணு பழுக்குமா?

சூப் குடிக்கலாம், ருசியாக இருக்கும், பசி வரும். ஆனால் ஒரு கப் சூப்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் கொழுப்பும்தான். எலும்புக்கு முதலில் வேண்டியது புரதம்: முட்டை, மீன், கோழி, பருப்பு, கடலை, பால். முட்டையால் புண் பழுக்காது, முட்டையை நிறுத்தியதால் ஆறாத புண்களைத்தான் பார்த்திருக்கிறேன். கூடவே கேழ்வரகு, கீரை, கொஞ்சம் வெயில். சாயங்கால வெயில் இல்லை, காலை பத்து மணிக்கு மேல் வரும் வெயில். பிரண்டைத் துவையல் நம் வீடுகளில் எலும்புக்கென்றே அரைப்பது, தாராளமாகச் சாப்பிடட்டும், மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

விடவேண்டியது பீடி, சிகரெட். ரத்தக்குழாய்களைச் சுருக்கி எலும்பு சேர்வதைத் தள்ளிப்போடுவதில் அதற்கு இணை இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் வைக்காமல் எந்த ஆபரேஷனும் முழுசாக ஜெயிக்காது.

18. ஏழு மாசம் ஆச்சு, உள்ள பிளேட்டு முறிஞ்சிடுச்சு. மட்டமான பிளேட் போட்டுட்டாங்களா?

கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும். எலும்பு சேரும்வரை பிளேட் ஒவ்வொரு அடிக்கும் அப்படி வளைகிறது. எலும்பு சேர்ந்துவிட்டால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், பிளேட் தப்பிக்கும். சேரவில்லையென்றால் எவ்வளவு உயர்ந்த உலோகமும் களைத்து முறியும். ஆகவே பிளேட் ஏன் முறிந்தது என்பதைவிட எலும்பு ஏன் சேரவில்லை என்று கேட்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைவா, அசைவு அதிகமா, சீழ் ஒளிந்திருக்கிறதா, சொன்னதற்கு முன்பே ஊன்றினாரா, பீடியா.

தொடை, கீழ்க்கால் எலும்புகள் நன்றாகச் சேர 4 முதல் 6 மாதம் ஆகும். புண்ணோடு முறிந்தவை இன்னும் தள்ளும். 9 மாதம் ஆகியும், கடைசி மூன்று மாத எக்ஸ்ரேக்களில் முன்னேற்றமே இல்லையென்றால் தானாகச் சேராது என்று எடுத்துக்கொண்டு மறு ஆபரேஷன் செய்வார்கள். பெரிய ராடு மாற்றுவது, இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பது என்று வழிகள் உண்டு.

19. காலைச் சுத்தி வளையம் வளையமா மாட்டி, தினமும் எங்களையே திருகச் சொல்றாங்க. நிஜமாவே எலும்பு வளருமா?

வளரும். சைபீரியாவின் குர்கன் நகரத்தில் கவ்ரீல் இலிசாரோவ் 1950-களில் கண்டுபிடித்த முறை. சீழ் பிடித்த எலும்பை வெட்டி எடுத்தபிறகு வரும் இடைவெளியை நிரப்ப, நல்ல இடத்தில் எலும்பை லேசாக வெட்டி, ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். கால் கால் மில்லிமீட்டராக நாளுக்கு நான்கு முறை திருகுவது. பின்னால் விட்டுப்போகும் இடைவெளியில் புது எலும்பு ஊறிவரும். வேகமாகத் திருகினால் எலும்பு உருவாகாது, மெதுவாகத் திருகினால் முன்கூட்டியே சேர்ந்து நின்றுவிடும். 5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் திருகவே 50 நாள், அது கெட்டியாக இன்னும் பல மாதம். திருகும் சாவியைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

20. இரும்பை எப்ப எடுக்கணும்?

எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. உறுத்தல், வலி, சீழ் இருந்தால் எடுக்கலாம். வயதில் சின்னவர்களுக்கு, எக்ஸ்ரேயில் முழுமையாகச் சேர்ந்தபிறகு, ஒன்றரை முதல் இரண்டு வருடம் கழித்து எடுப்பது உண்டு. இடுப்பு பிளேட்டைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கே மறுபடி திறப்பது முதல் ஆபரேஷனைவிட ஆபத்து. ஏர்போர்ட்டில் கதவு கத்தலாம், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் எம்ஆர்ஐ எடுப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை, எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

21. (காதோரம்) பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. குழந்தை பெத்துக்க முடியுமா?

முடியும். வளையம் சரியாகப் பொருந்தியிருந்தால் சுகப்பிரசவம்கூட நடக்கும். பிளேட் இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமில்லை. கர்ப்பமானதும் பிரசவ டாக்டரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டுங்கள், அவர் முடிவு செய்வார்.

ஆண்கள் இதைவிடத் தயங்கிக் கேட்பது தாம்பத்தியம் பற்றி. 12-வது பதிலில் சொன்ன குழாய்க் கிழிசல் இருந்தவர்களுக்கு விறைப்புக் குறைவு வருவது அபூர்வமில்லை. ஒரு வருடத்துக்குள் ஓரளவு திரும்புபவர்கள் உண்டு, சிகிச்சையும் உண்டு. யூராலஜி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மனைவியிடமும்.

22. கையில காசு இல்ல. ஆக்சிடென்ட் கேஸுக்குப் பணம் கட்டணுமா?

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதன்பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு அது தொடரும். போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் சிகிச்சை, பிறகுதான் காகிதம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆனால் காகிதத்தை விடாதீர்கள். விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்ஸ்ரேயும், உள்ளே வைத்த பிளேட்டின் ஸ்டிக்கர். நஷ்டஈடு வழக்குக்கும் இவை வேண்டும், மறு ஆபரேஷன் வந்தால் அடுத்த டாக்டருக்கும் வேண்டும். எக்ஸ்ரேயை பீரோவுக்கு அடியில் மடித்து வைக்காதீர்கள்.

23. எலும்பு சேர்ந்துடுச்சுன்றாங்க. ஆனா இன்னும் நொண்டுறேனே?

எலும்பு சேர்ந்தது பாதி வேலை. மாதக்கணக்கில் வேலை செய்யாத இடுப்புச் சதை சுருங்கியிருக்கும். ஒற்றைக் காலில் நின்றால் எதிர்ப்பக்க இடுப்பு சரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சரிந்தால் பயிற்சிதான் மருந்து, ஆறு மாதம், ஒரு வருடம்கூட. ஒரு கால் குட்டையாகிவிட்டதா என்றும் அளக்கச் சொல்லுங்கள், ஒரு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டர் என்றால் செருப்பில் உயரம் வைத்தே சமாளிக்கலாம். பாதம் தொங்கினால் நரம்பில் அடி. நரம்பு வளர்வதும் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான், இலிசாரோவ் திருகு மாதிரியே. இடுப்பிலிருந்து பாதம் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏன் வருஷக்கணக்கு என்று புரியும். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டை போடவேண்டும்.

கிண்ணம் உடைந்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பாரிஸின் ராபர்ட் ஜூடேவும் எமில் லெதுர்னலும் 1964-ல் இந்த முறிவுகளை வகைப்படுத்தி, திறந்து பொருத்தும் வழியைக் காட்டினார்கள். அதற்கு முன் பெரும்பாலும் வெயிட் கட்டிப் படுக்கவைப்பதோடு சரி. இன்று நன்றாகப் பொருத்தினாலும் சிலருக்கு மூட்டு தேய்ந்து, பிறகு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டிவரலாம். தொடையிடுக்கில் புதிதாக வலி வந்தால் மறுபடி காட்டுங்கள்.

24. பைக் எப்ப எடுக்கலாம்?

பெரும்பாலான பையன்கள் கேட்கும் முதல் கேள்வி. அவர்களின் அம்மாக்களுக்குப் பிடிக்காத கேள்வி, அதனால் கடைசியில் வைத்தேன். வலது காலில் அடியென்றால் பின்பிரேக்கை யோசிக்காமல் அழுத்த வேண்டும். முழுப் பாரம் ஊன்றி நடக்க ஆரம்பித்துச் சுமார் ஆறு வாரமாவது ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கால் என்றால் கியர், ஸ்டாண்டு, சிக்னலில் வண்டியைத் தாங்குவது. கைத்தடி இல்லாமல் படியேறி, வண்டியை நிறுத்திவைத்து அடிபட்ட காலாலேயே ஸ்டாண்டு போட்டு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு பையன் வாக்கரோடு செக்கப்புக்கு வந்தபோது சட்டைப் பையில் பைக் சாவி வைத்திருந்தான். வாக்கரை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணச் சொன்னேன். மூன்றில் கட்டிலைப் பிடித்தான். சாவியை அவன் அக்கா வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.